நிச்சயத் தட்டில் ஒரு கிருமியின் கை

படித்தவனை வீட்டு விசேஷத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. வந்துவிட்டான் என்றால், ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வாயில் ஒரு லட்டைத் திணித்து, விசேஷம் முடிகிறவரை எழுந்திருக்க விடக் கூடாது. இதை ஊரில் உள்ள பெரியவர் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். என் சொந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தை, தட்டு மாற்றிய சூடு ஆறுவதற்குள், மைக்கில் நின்று முறிக்கப் பார்த்தவன் நான். முறிக்கும் எண்ணம் எனக்குத் துளிகூட இல்லை. ஆனால் எண்ணம் இல்லாமலே ஒரு காரியத்தைக் கெடுப்பதற்கு மனிதன் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று கேட்டால், முனைவர் பட்டத்தின் மூன்றாவது வருஷம் போதும் என்பது என் அனுபவம்.

அந்த மூன்றாவது வருஷத்து முகிலனை (அதாவது என்னை) நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி, தாடி, எப்போதும் ஏதோ பெரிய சிந்தனையில் இருப்பதுபோல் ஒரு முகம். உண்மையில் அது கேண்டீன் சாப்பாடு செரிக்காத முகம். எங்கள் குடும்பத்தில் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்த முதல் தலைமுறை அப்பா, அம்மா. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, மலேசியாவின் மலாக்காவில், செங் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், சோறு சாப்பிடுகிற கையை எப்படிக் கழுவ வேண்டும் என்பதிலிருந்து எல்லாருக்கும் பாடம் நடத்துவேன். அம்மா சகித்துக்கொள்வார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அக்கா கோமதி மட்டும், "முடிச்சிட்டியா? அப்ப தட்டக் கழுவி வை" என்பாள்.

என் ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்வேன்), அது ஒரு கிருமியின் கையைப் பற்றியது. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா சில சமயம் வழி மாறி மூத்திரப் பைக்குப் போய்விடும். அங்கே தங்குவது லேசில்லை. நாம் ஒவ்வொரு தரமும் கழிவறைக்குப் போகும்போது அதற்கு வெள்ளம். அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமலிருக்க அதன் உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் இருக்கின்றன. இழையின் நுனியில் ஒரு புரதம். நம் உயிரணுக்களின் மேல் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும். புரதத்தில் அதற்கென்றே ஒரு சின்னக் குழி இருக்கிறது.

வேடிக்கை அதற்கு மேல்தான். அந்தப் புரதம் இரண்டு பகுதிகளால் ஆனது. சும்மா இருக்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும். குழியின் பிடியும் தளர்வாக இருக்கும். வெள்ளம் வந்து இழுத்தால் இரண்டும் விலகிக்கொள்ளும். அவை விலகியதும் குழி இறுகும். ஆக, இழுக்க இழுக்க அது விடவே விடாது. இழுப்பதை நிறுத்தினால் தானாக விட்டுவிடும். இதை நான் தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளிடம் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு விளக்கியிருக்கிறேன். அவர்கள் அடுத்த தீபாவளிக்கு வரவில்லை.

அந்தக் குழியை அடைக்க ஒரு மருந்து கண்டுபிடிக்கலாம் என்பது எங்கள் கனவு. அதற்கு முதலில் இந்தக் கையின் வடிவத்தை அணு அணுவாகப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக வளர்க்க வேண்டும். கற்கண்டு வளர்வதுபோலத்தான், ஆனால் உப்புக் கல்லைவிடச் சின்னதாக வளரும். வளர்வதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரவம், மேலே ஒரு வட்டக் கண்ணாடி மூடி. அந்த மூடியின் அடியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு துளிக்குள்தான் படிகம் வளரும். தட்டைச் சாய்த்தால், குலுக்கினால், துளி கீழே விழுந்து கரைந்துவிடும். என் பேராசிரியர் அடுத்த மாதம் இந்தப் படிகங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு. பல மாதம் ஏமாற்றிய பிறகு அப்போதுதான் ஒரு தட்டில் உருப்படியாக வளர்ந்திருந்தது. நான் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் மின்சாரப் பராமரிப்பு வேலை. வாரக் கடைசி முழுக்க எங்கள் கட்டடத்தில் கரண்ட் இருக்காது என்றார்கள். மற்ற மாணவர்கள் தங்கள் தட்டுகளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நான் மாற்றவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரன் கதவை டொம் என்று சாத்துகிறவன். ஆகையால் என் படிகத் தட்டைப் பஞ்சு வைத்த பெட்டியில் வைத்து, காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, மலாக்காவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையில் நான் போன வேகத்துக்குப் எண்ணெய்ப் பனங்குலை ஏற்றிய லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. அந்த வாரக் கடைசியில்தான் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் என் மனக் கணக்கில் அது இரண்டாவது இடத்தில் இருந்தது.

அக்காவுக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. செங் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. வந்த வரன் எல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ரவீன் கிடைத்தார். அதே ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். இருவருக்கும் மனம் ஒத்துப்போய், வீட்டில் பேசி, சம்மதம் வாங்குவதற்குள் அம்மாவுக்குத் தலைமுடி பாதி நரைத்துவிட்டது. ரவீனின் அம்மா ராஜம்மா மலாக்கா டவுனில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். அவருக்குச் சுத்தமும் சகுனமும் இரண்டு கண். அவருக்கு ஓர் அண்ணன், ரவீனுக்குத் தாய்மாமன். அவர் ஆரம்பத்திலிருந்தே, "ஃபேக்டரில வேல செய்யிற பொண்ணா, யோசிச்சு செய்லா ராஜி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்படி நூலில் தொங்கிய சம்பந்தம் அது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அது வீடாக இல்லை. சீர்த் தட்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் இதில் ஒரு வெறியே உண்டு. பழத்தைக் கோபுரமாக அடுக்குவது, துண்டை மடித்து மயிலாக்குவது, சாக்லேட்டில் இதயம் செய்வது, எல்லாவற்றையும் பளபளவென்ற கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டுவது. மேற்பார்வை அப்பாவின் அக்கா. செர்காமில் இருப்பதால் செர்காம் அத்தை. கடலோரத்தில் மீன் ஏலத்தில் குரல் பழகியவர். அவர் மெதுவாகப் பேசினால்கூடப் பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் நாய் குரைக்கும்.

வீட்டில் ஏர்கோன் இருப்பது ஒரே ஓர் அறையில். சாக்லேட் உருகக் கூடாது, மல்லிகை வாடக் கூடாது என்று எல்லாத் தட்டையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். என் படிகங்களுக்கும் சூடு ஆகாது. எனவே நானும் அங்கே இடம் பிடித்தேன். மேசை ஆடுகிறது என்று தோன்றியது. அலங்காரத்துக்கு வாங்கி மீந்த தங்கநிறத் தட்டு ஒன்று கிடந்தது, அதை எடுத்தேன். அதிர்ச்சி தாங்குவதற்கு அதில் சிவப்பு வெல்வெட் துணியை மடித்துப் போட்டேன். நடுவில் என் படிகத் தட்டை வைத்தேன். எறும்பும் தூசியும் வரக் கூடாதே என்று மேலே கண்ணாடித்தாளைச் சுற்றினேன். தாள் விலகாமல் இருக்க ரிப்பனும் கட்டினேன். (ஆமாம், ரிப்பனும் நான்தான் கட்டினேன். இதை அத்தை இன்றைக்கும் சபையில் அழுத்திச் சொல்வார்.)

பிறகு அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டு, பேராசிரியர் எனக்குச் சொல்லும் தொனியிலேயே சொன்னேன்.

"இங்க பாருங்க. இந்த ரூம்ல இருக்குறதுலயே ரொம்ப முக்கியமானது இதுதான். இது ஆடக் கூடாது, சாயக் கூடாது. தூக்குறதா இருந்தா ரெண்டு கையாலதான் தூக்கணும். வெயில் படக் கூடாது. மத்ததுக்கு என்னா ஆனாலும் பரவால்ல, இதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அத்தை கண்ணாடித்தாளுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடி மூடி போட்ட குட்டிக் கிண்ணங்கள் மின்னிக்கொண்டிருந்தன.

"அழகா இருக்குலா. என்னாடா இது?"

"சொன்னா ஒங்களுக்குப் புரியாது அத்த."

இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அடுத்த நாள் நடந்தது எல்லாம் தகும்.

மறுநாள் காலையில் என்னைப் பூமாலை எடுத்துவர டவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போன பிறகு வீட்டில் நடந்ததைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேக் வைத்த தட்டைத் தூக்கும்போது கேக் சரிந்து, அதே தட்டில் இருந்த மயில் துண்டின்மேல் குப்புற விழுந்துவிட்டது. அந்தத் தட்டை எடுத்துவிட்டால் மீதித் தட்டுகள் இரட்டைப்படையாகிவிடும். சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இரட்டைப்படையில் போனால் அதற்கு மேல் அபசகுனம் இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை சுற்றிப் பார்த்தார். வெல்வெட், கண்ணாடித்தாள், ரிப்பன் எல்லாம் கட்டித் தயாராக ஒரு தட்டு இருந்தது. பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது முறை. பையன் வெட்கப்பட்டுச் சொல்லாமல் செய்திருக்கிறான் என்று அத்தைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டதாம்.

"அத்தர் செட்டுலா இது. சின்னச் சின்னதா ஊத்தி வச்சிருக்கான் பாரு. எவ்ளோ ஆச இருந்தா ஆடக் கூடாது சாயக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவும் என்னைப் பெற்ற பெருமையில் மூக்கைச் சிந்தியிருக்கிறார்.

மாலையோடு நான் திரும்பி வந்தபோது எல்லாரும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். படிகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அறையைத் திறந்தேன். அறை காலி. தரையில் ஒரு துண்டு மயில் மட்டும் கேக் பூசிக்கொண்டு கிடந்தது. மண்டபத்துக்கு நான் கார் ஓட்டிய விதத்தை எழுத மாட்டேன். சம்மன் அனுப்புகிறவர்கள் படிக்கக்கூடும்.

மண்டப வாசலில் ஊர்வலம் ஏற்கெனவே உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம். தட்டேந்திய பெண்கள் வரிசையின் முதலில் செர்காம் அத்தை. அவருடைய இரண்டு கைகளிலும் என் மூன்று வருஷ வாழ்க்கை. சொல்லக் கூடாது, எங்கள் ஆய்வகத்தில் யாரும் அப்படி ஏந்திப் பார்த்ததில்லை. மூச்சு விடுவதைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, குளத்தில் விளக்கை விடப் போகிறவர்போல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

"அத்த, அத்த" என்று பக்கத்தில் ஓடினேன்.

"வந்துட்டியா? வா வா, முன்னாடி நட. ஓந் தட்டுதான் மொதல்ல" என்றார்.

யாரோ எனக்குச் சந்தனம் பூசினார்கள். யாரோ பன்னீர் தெளித்தார்கள். ஒரு மாமா என் தோளைப் பிடித்து வரிசைக்கு முன்னால் தள்ளினார். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நான் மேடை அருகே வந்துவிட்டேன். அங்கே அம்மாவும் ராஜம்மாவும் வெற்றிலைத் தாம்பாளம் மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். மணமேடையில் அக்கா தலையைக் குனிந்தபடி சிரித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. அந்த அழகை ரசிக்க எனக்கு நேரம் இல்லை. அத்தை என் தட்டை ராஜம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மைக் பிடித்திருந்த அங்கிள், "மாப்பிள்ளைக்கு மச்சான் கொண்டாந்த அத்தர் தட்டு" என்று அறிவித்தார். ராஜம்மா முகமெல்லாம் மலர்ந்து, ரிப்பனை அவிழ்த்து, ஒரு கண்ணாடி மூடியைத் திறக்க விரலைக் கொண்டுபோனார். மகன் கழுத்தில் முதல் சொட்டைத் தடவ வேண்டும் என்று ஆசை.

நான் பாய்ந்து தட்டைப் பிடித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தட்டு மாற்றிய பிறகு, கொடுத்த தட்டில் பெண் வீட்டார் கை வைப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் தர மாட்டோம் என்று அர்த்தம். இது கைக்குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அப்போது என் மூளையில் தொங்கும் துளிகளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். மைக் அங்கிள் பதறிப்போய், நல்லது செய்வதாக நினைத்து, மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"என்னா தம்பி, எதும் பிரச்னையா?"

"இந்தத் தட்டு குடுக்குறதுக்கு இல்ல அங்கிள்" என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டது.

ராஜம்மாவின் முகம் மாறியது. "குடுக்குறதுக்கு இல்லன்னா என்னா அர்த்தம் தம்பி? இப்பதான தட்டு மாத்துனோம்."

"இது மட்டுந்தான் ஆன்ட்டி. மத்ததெல்லாம் நீங்களே வச்சிக்குங்க." (ஏதோ எங்கள் வீட்டில் மீந்த பழங்களைத் தானம் செய்கிறவன்போலச் சொன்னேன்.)

நான் இழுத்தேன். அவர் பிடியை இறுக்கினார். அண்டாக்களைத் தனி ஆளாக இறக்கிவைத்துப் பழகிய கை அது. நான் இன்னும் இழுத்தேன். அவர் இன்னும் இறுக்கினார். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும் என்று மூன்று வருஷம் படித்து, கட்டுரை எழுதி, முறுக்குத் தட்டை வைத்து ஊருக்கே பாடம் எடுத்தவன் நான். அந்த இடத்தில் அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மகனின் சம்பந்தத்தையே என் கையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்ததும் சரிதான்.

"விடுங்க ஆன்ட்டி. அதுல கிருமி சாமான் இருக்கு."

தாய்மாமன் எழுந்து நின்றார். அவர் இதற்காகவே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். "என்னாது? நிச்சயத் தட்டுல கிருமியா வச்சுக் கொண்டாந்தீங்க? சமையல் செய்யிற குடும்பத்துக்கு?"

"கிருமி இல்ல அங்கிள். கிருமியோட கை மட்டுந்தான்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்காததால் அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

ராஜம்மா கேட்டார்: "எங்க இருக்குற கிருமி தம்பி அது?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆய்வகத்தில் என்றிருக்கலாம், அதுவும் உண்மைதான். நான் அறிவியலுக்கு உண்மையாக இருந்தேன்.

"மூத்திரப் பையில ஆன்ட்டி."

அத்தோடு விட்டிருக்கலாம். பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. "பயப்பட ஒண்ணும் இல்ல. யாருக்கு வேணும்னாலும் வரும். ஒங்களுக்குக்கூட வரும். பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"போதும்லா ராஜி" என்றார் தாய்மாமன். "நம்ம தட்டையெல்லாம் எடுக்கச் சொல்லு. கெளம்பலாம்."

அவர்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் உண்மையாகவே குனிந்து தட்டை எடுத்தார்கள். ரவீன் எழுந்து, "மாமா, கொஞ்சம் பொறுங்க" என்றார். அவரை யாரும் கவனிக்கவில்லை. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அக்காவுக்கு வந்த இந்த ஒரே நல்லதை, இத்தனை பேர் முன்னால், நான் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறேன். கை மட்டும் தட்டை விடவில்லை.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். நிச்சயப் புடவை, தலை நிறையப் பூ. என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"முகிலா, விடுடா."

விட்டேன். நான் விட்டதும் ராஜம்மா பின்னால் சாய, தட்டு அவர் மார்போடு மோதி ஒரு தரம் கவிழ்ந்து நிமிர்ந்தது. அத்தனை துளியும் போயிருக்கும். செங்கிலிருந்து டவுன்வரை, எல்லா வேகத்தடையையும் தாண்டி, வேனில் மடியில் வைத்து ஒரு துளி சிந்தாமல் அத்தை கொண்டுவந்ததை, நான் கை வைத்த கொஞ்ச நேரத்தில் காலி செய்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ராஜம்மாவைப் பார்த்தாள். மைக் இன்னும் அங்கேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தள்ளவும் இல்லை.

"அத்த, கென்சிங், ஒண்ணுக்குப் போறப்ப எரியும்ல, வயிறெல்லாம் புடிச்சி இழுக்கும்ல, அதுதான் இது. அந்தக் கிருமி எப்படி உள்ள ஒட்டிக்குதுன்னு இவன் பாக்குறான். இது வேற யாருக்கும் இல்ல, எனக்கே வரும். லைன்ல நிக்கிறப்ப டாய்லெட் போகணும்னா லீடர்கிட்ட கேக்கணும், அவரு மூஞ்சக் காட்டுவாரு. அதனால தண்ணியே குடிக்க மாட்டேன். எத்தன தடவ கிளினிக்குக்கு ஓடியிருப்பேன். எந் தம்பிக்குப் பேசத் தெரியாது. அவன் செஞ்சது தப்பு. ஆனா அவன் பொண்ணு தர மாட்டேன்னு சொல்லல அத்த."

மணப்பெண் சபையில் பேசும் பேச்சா அது? தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்கள் பலருக்குத் திடீரென்று கைப்பேசியில் வேலை வந்துவிட்டது.

ராஜம்மா அக்கா பக்கம் குனிந்து, "நீயுமாம்மா?" என்றார். "கல்யாணச் சமையல்னா வெடியக்காலைல அடுப்பு கிட்ட நிப்பேன். எல்லாரும் சாப்ட்டு எலை எடுக்குறவரைக்கும் எங்கயும் போக முடியாது. யார்கிட்ட போயி சொல்றது இத." அண்ணன் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, ஒக்காருங்க" என்றார். அதிகாரமாகத்தான் சொன்னார். தாய்மாமன் உட்கார்ந்தார்.

நான் அங்கே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கிருமி எந்தச் சர்க்கரையைப் பிடிக்கும், எவ்வளவு இழுத்தால் எவ்வளவு இறுகும், எல்லாம் எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டில் அடுத்த அறையில் படுத்திருப்பவளைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சம்பளத்தில் வாங்கிய காரில்தான் என் படிகத்துக்குச் சீட் பெல்ட் போட்டு அழைத்து வந்திருந்தேன்.

நிச்சயம் நின்றது, அதாவது, முறியாமல் நின்றது. மோதிரம் மாற்றினார்கள். விருந்து நடந்தது. எனக்கு விருந்து கிடைக்கவில்லை. இலையில் உட்கார்ந்ததுமே பக்கத்தில் ஒரு பாட்டியம்மா வந்து, "தம்பி, எனக்குத் தும்முனாலே கொஞ்சம் வந்துருது, அதுவும் அந்தக் கையா?" என்று காதோடு கேட்டார். அவர் எழுந்ததும் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். நான் டாக்டர் இல்லை, நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்கிவைக்காதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பாயசம் வரும்போது என் சோறு காய்ந்திருந்தது. அத்தை தூரத்தில் நின்று, "வரிசையா வாங்க, தள்ளாதீங்க" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

பேராசிரியருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "சார், படிகங்கள் போய்விட்டன" என்றேன். எங்கே போயின என்று கேட்டார். "அக்காவின் மாமியார் வீட்டுக்கு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடுத்த மாணவனைக் கூப்பிட்டார். மறுபடி படிகம் வளர்த்து முடிக்க எனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அந்தத் தட்டு இன்றைக்கும் ராஜம்மா அத்தை வீட்டில்தான் இருக்கிறது. வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவர்கள் வம்சத்தில் கிடையாதாம். கண்ணாடி அலமாரியில், ரவீன் மாமாவின் கேரம் கோப்பைக்கும் ஒரு சீனப் பூனைப் பொம்மைக்கும் நடுவில், வெல்வெட்டோடு உட்கார்ந்திருக்கிறது. கிண்ணங்கள் எல்லாம் காய்ந்து வெள்ளை பூத்துவிட்டன. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க மருமவளோட தம்பி சீரா குடுத்தது. கிருமி" என்று அறிமுகம் செய்வார்.

நான் முனைவர் ஆகி, இப்போது பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். அதே புரதம், அதே குழி. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ராஜம்மா அத்தை சமையல். சாப்பாட்டுப் பந்தியை அழைக்க அவர் கையில் மைக் இருந்தது. நான் மண்டபத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டார். மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"முகிலன் தம்பி வந்துட்டாரா? தம்பி, எனக்கு மறுபடியும் வந்துருச்சு. நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்களே, அந்த மருந்து எப்ப தம்பி கெடைக்கும்?"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. மணமக்களும் பார்த்தார்கள்.

"இன்னும் வரல அத்த" என்றேன். "இப்பவும் அதோட கை எப்படி இருக்குன்னுதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"இத்தன வருஷமாவா?" என்றார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். "அக்காவுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளையும் ஸ்கூலுக்குப் போவுது. நீங்க இன்னும் கையையேவா பாத்துக்கிட்டிருக்கீங்க?"

சாம்பார் வாளி தூக்கியவர்கள்கூட நின்று சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையை ஆரம்பித்து முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், "என்னா, கையப் பாத்துக்கிட்டிருக்கியா?" என்று கேட்கிறார்கள். பைப் ரிப்பேர் செய்யவந்த ஆளைக்கூட அப்பா இப்படிக் கேட்டார். அக்கா மட்டும் என்னிடம் அதைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், ஃபேக்டரியில் இப்போது தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று நான் கேட்பேன். பாதி நாள் ஆமாம் என்பாள், பாதி நாள் பேச்சை மாற்றிவிடுவாள்.